நாலு மணிக்கும் நாளைக்கும் நடுவில்

மார்ச் 3

செயலாளர் அவர்களுக்கு,
இல்லத் துணைச் சங்கம்.

அம்மையீர்,

தங்கள் சங்கம் எங்கள் அறக்கட்டளையிடம் உதவி கோரி அளித்த விண்ணப்பம் தொடர்பாக எழுதுகிறேன். வீட்டை விட்டு வெளியே வர இயலாத நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் தாங்கள் செய்துவரும் சேவைக்கு ஒரு சமூகத் தகவல் அமைப்பு தேவைதானா, தேவையெனில் எத்தகையது என்று மதிப்பிட்டு அறிக்கை தர என்னை நியமித்திருக்கிறார்கள். இத்துடன் உள்ள கேள்வித்தாளை நிரப்பி அனுப்பவும். நேரில் பார்வையிட ஏற்ற நாட்களையும் தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
மதிப்பீட்டாளர்

அத்தை, மேலே இருப்பது எல்லாச் சங்கங்களுக்கும் போகும் அச்சுக் கடிதம். இதை உங்களுக்கென்று கையால் எழுதுகிறேன். இந்த வேலையை நான் கேட்டு வாங்கவில்லை. கொடுத்த கோப்பைப் பிரித்தால் கடைசியில் உங்கள் கையெழுத்து. உங்கள் மகனும் நானும் பிரிந்ததிலிருந்து நமக்குள் பேச்சு இல்லை. நான் வருவது உங்களுக்குச் சங்கடமாக இருந்தால் ஒரு வரி எழுதிப் போடுங்கள், வேறு ஆளை அனுப்பச் சொல்கிறேன். போனில் கேட்டுவிடலாம் என்று இரண்டு முறை கூப்பிட்டேன். நீங்கள் எடுத்ததும் என்ன பேசுவதென்று தெரியாமல் வைத்துவிட்டேன்.

*

மார்ச் 9

மதிப்பிற்குரிய மதிப்பீட்டாளர் அவர்களுக்கு என்று ஆரம்பித்தேன். பேனா நகர மாட்டேன் என்றது. அதனால் பழையபடியே:

அம்மாடி,

போனை எடுத்ததும் வைத்தது நீதானா. யாரோ பேச முடியாமல் திணறுகிறார்கள் என்று பயந்து, எங்கள் தொண்டரான டாக்ஸிக்காரரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தெரியாமல் நான் தவித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். இனிமேல் அப்படிச் செய்யாதே. எழுதியது நல்லது. எனக்கும் இப்போதெல்லாம் எழுதுவதுதான் வசதி.

கேள்வித்தாளைப் பார்த்தேன். கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை. ‘தகவல்கள் எங்கே சேமிக்கப்படுகின்றன?’ என் தலையில். ‘தகவலைத் தேடி எடுக்க எவ்வளவு நேரமாகிறது?’ எனக்குத் தலைவலி இல்லாத நாளில் உடனே. இதையெல்லாம் அப்படியே எழுதினால் உன் மேலதிகாரி கோபித்துக்கொள்வார் என்பதால் தாளை நிரப்பாமல் வைத்திருக்கிறேன். நீயே வந்து பார்த்து நிரப்பிக்கொள்.

எங்களிடம் இருப்பது சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை. உள்ளறையில் நானும் போனும். வெளியறையில் ஓய்வாக இருக்கிற தொண்டர்கள். ஒருவர் டாக்ஸி ஓட்டுகிறார், ஒருத்தி மருந்துக்கடையில் பாதி நாள் வேலை செய்கிறாள், இன்னும் சிலர் வந்துபோவார்கள். போன் அடிக்கும். மாத்திரை தீர்ந்துவிட்டது என்பார்கள், மாடியிலிருந்து இறங்க முடியவில்லை என்பார்கள், பென்ஷன் ஆபீசில் இருந்து வந்த தபால் புரியவில்லை என்பார்கள். யாருக்கு யாரை அனுப்ப வேண்டும் என்று எனக்குத் தெரியும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். இங்கே இருக்கிறவர்களுக்கு என் பெயரே மறந்துபோய், எல்லோருக்கும் எக்ஸ்சேஞ்ச் அம்மாதான். ஆளை ஆளோடு இணைத்துவிடுகிற வேலை அன்றும் அதே, இன்றும் அதே.

உங்கள் அறக்கட்டளையில் இருந்து முன்பு வந்த தம்பி ஒரு படத்தைக் காட்டினார். ஊர் வரைபடத்தில் ஒவ்வொரு நோயாளி வீடும் ஒரு சிவப்புப் புள்ளி. யார் வேண்டுமானாலும் கம்ப்யூட்டரில் பார்க்கலாமாம். படுத்த படுக்கையாகத் தனியாக இருக்கிற மனுஷியின் வீட்டுக்குப் புள்ளி வைத்து ஊருக்கெல்லாம் காட்டினால், முதலில் வருகிறவன் தொண்டனாக இருப்பானா, திருடனாக இருப்பானா? இதையும் உன் மதிப்பீட்டில் சேர்த்துக்கொள்.

வா. வீட்டிலேயே தங்கலாம். அவன் இப்போது இந்த ஊரில் இல்லை.

அத்தை

*

மார்ச் 13

அத்தை,

திங்கட்கிழமை காலை வருகிறேன், புதன் மதியம் கிளம்புவேன். லாட்ஜில் அறை எடுத்திருக்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள். அலுவலக விதி. விதி இல்லாவிட்டாலும் அந்த வீட்டுப் படி ஏற எனக்கு இன்னும் கொஞ்சம் நாளாகும்.

சிவப்புப் புள்ளியைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. எழுதி வைத்துக்கொண்டேன்.

*

மார்ச் 24

அத்தை,

இந்தக் கடிதத்தை நான்காவது தடவையாக எழுதுகிறேன். முதல் மூன்றும் குப்பைக்கூடையில் இருக்கின்றன.

நல்லதை முதலில் சொல்கிறேன். நான் இதுவரை மதிப்பிட்ட அமைப்புகளில் போன் அடித்தால் மனிதர் எடுக்கிற இடம் உங்களுடையது ஒன்றுதான். கூப்பிடுகிறவரின் பெயர், நோய், எந்த மாடி, எந்த மருமகன் சண்டைக்காரன் என்பது வரை நீங்கள் ஞாபகம் வைத்திருப்பதைப் பார்த்து மலைத்துவிட்டேன். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த அந்த மூன்று நாளும் எனக்கு நன்றாக இருந்தது. உங்கள் மேசைக்கு எதிர்ச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது, அதன் கீழே சுவர் கொஞ்சம் வெளுப்பாக இருந்தது. எனக்காக எதையோ கழற்றி வைத்திருக்கிறீர்கள் என்று புரிந்தது. அதற்கும் நன்றி.

இப்போது மற்றது.

நேற்று ஒரு சந்தேகம் கேட்க உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். மருந்துக்கடைப் பெண் எடுத்தாள். தையல்காரர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்றாள். அவருக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரத்துக்கு மூன்று தடவை டயாலிசிஸுக்கு உங்கள் வண்டியில்தானே போகிறார். புதன்கிழமை வண்டி வரவில்லை. மாலையில் மூச்சுத் திணறி, பக்கத்து வீட்டார் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். இப்போது பரவாயில்லையாம். “வண்டி நாளைக்குன்னுதான் எக்ஸ்சேஞ்ச் அம்மாகிட்ட அவர் சொல்லியிருக்காரு. நேத்து பாக்கப் போனா, நான்தான் தப்பா சொல்லிட்டேன்னு மன்னிப்பு கேக்கறாரு. பாவம்,” என்றாள்.

அத்தை, புதன்கிழமை காலை அந்த போன் வந்தபோது நான் உங்கள் பக்கத்தில் இருந்தேன். ரிசீவரின் சத்தத்தை நீங்கள் முழுதாக வைத்திருப்பதால் எனக்கும் கேட்டது. வார நடுவில் அவர் போவது வழக்கமாக வியாழன். அந்த வாரம் ஆஸ்பத்திரியில் அதைப் புதனுக்கு மாற்றியிருந்தார்கள். அவர் சொன்னது, “இன்னைக்கு மாத்திட்டாங்கம்மா, நாலு மணிக்கு வண்டி வேணும்.” நீங்கள், “சரிங்க, அனுப்பிடறேன்,” என்று வைத்தீர்கள். அப்புறம் நான் ரயிலுக்குக் கிளம்பிவிட்டேன். நீங்கள் டாக்ஸிக்காரரிடம் என்ன சொன்னீர்கள் என்பது எனக்கு நேற்றுவரை தெரியாது.

நாலு மணிக்கு. உங்களுக்கு ‘இன்னைக்கு’ காதில் விழவில்லை, ‘நாலு மணிக்கு’ நாளைக்கு என்று கேட்டிருக்கிறது.

மூன்று நாளும் நான் பார்த்தது இதுதான்: நீங்கள் ரிசீவரை வலது காதுக்குக் கொண்டுபோவதே இல்லை. ஒவ்வொருவரையும் “இன்னொரு தடவை சொல்லுங்க” என்கிறீர்கள். நான் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருந்து பேசினால் நீங்கள் திரும்புவதில்லை. முதல் நாள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு வருத்தப்பட்டேன்.

ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி உங்கள் நிர்வாகக் குழு கூடுவதற்குள் என் அறிக்கை வந்துசேர வேண்டும். இதை விட்டுவிட்டு நான் எழுத முடியாது. ஆனால் அறிக்கையைப் படித்து நீங்கள் தெரிந்துகொள்ளக் கூடாது என்பதால் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன்.

*

மார்ச் 29

மதிப்பீட்டாளர் அவர்களுக்கு,

என் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, நான் போட்ட டீயைக் குடித்துக்கொண்டே என் காதை அளந்துவிட்டுப் போயிருக்கிறாய். நன்றாக இருக்கிறது.

ஊரே பேசினாலும் தனித்தனியாகப் பிரித்துக் கேட்ட காது இது. அந்த மனிதர் சோர்ந்த குரலில் பேசுவார், பாதி வார்த்தை வெளியே வராது. தானே தப்பாகச் சொன்னேன் என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகு, எங்கேயோ இருக்கிற உனக்கு என்ன?

ஒரு கம்ப்யூட்டரை விற்பதற்கு ஒரு கிழவியைச் செவிடாக்க வேண்டியிருக்கிறது, இல்லையா. அவன் மேல் இருக்கிற கோபத்தை என் காதில் காட்டாதே. எழுதுகிறதை எழுதிக்கொள். குழு என்னை நாற்காலியை விட்டு எழுந்திரு என்றால் எழுந்துவிட்டுப் போகிறேன்.

செயலாளர்

*

ஏப்ரல் 2

அத்தை,

நீங்கள் எப்படி எழுதினாலும் நான் இப்படித்தான் எழுதுவேன்.

உங்கள் மகன் மேல் கோபம் இருந்தது. இப்போது தேடினால்கூடக் கிடைப்பதில்லை. அவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டது எனக்குத் தெரியும், தோழி ஒருத்தி சொன்னாள். சுவரில் இருந்து கழற்றிய அந்தக் கல்யாணப் படத்தை நீங்கள் திரும்ப மாட்டலாம்.

என் மனதில் தங்கியிருப்பது வேறு. உங்கள் வீட்டில் இருந்த நாளில் எல்லாமே எனக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். அவர் வேலையை விட்டதை எனக்குப் பால்காரர் சொன்னார். வீட்டில் உள்ளவர்களுக்கு ஒரு வாரமாகத் தெரிந்திருந்தது. யாரும் என்னைக் கெடுக்க நினைக்கவில்லை, மனம் நோகுமே என்றுதான் சொல்லாமல் இருந்தார்கள். ஆனால் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று தனக்கு மட்டும் தெரியாமல் ஒரு வீட்டில் நடமாடுவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை உங்களுக்கு நான் செய்ய மாட்டேன். என் போன கடிதத்துக்குக் காரணம் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டர் விற்க வரவில்லை. அறிக்கையின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன், படித்துப் பாருங்கள். வரைபடமும் சிவப்புப் புள்ளியும் வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். மேலதிகாரி ஏற்கெனவே முகம் சுளித்துவிட்டார், ஏனென்றால் அவர்கள் வாங்கித்தர நினைத்தது அதைத்தான். உங்கள் தலையில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக இன்னும் இருவர் தலைக்கு மாற்ற வேண்டும் என்றும், நோயாளிகளின் விவரம் பூட்டுக்குள் இருக்க வேண்டும் என்றும், கூப்பிடுகிறவர் தன்னைப் பற்றி என்ன எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கேட்டால் படித்துக் காட்ட வேண்டும் என்றும் எழுதியிருக்கிறேன்.

‘தகவல் வந்து சேரும் விதம்’ என்று ஒரு பக்கம் காலியாக இருக்கிறதல்லவா? அதை நான் எழுதவில்லை. நீங்கள் எழுதுங்கள். நீங்கள் எழுதி அனுப்புவதை ஒரு எழுத்து மாற்றாமல் சேர்த்துவிடுகிறேன். அதில் காது நன்றாகக் கேட்கிறது என்று எழுதினீர்கள் என்றால், கீழே என் கையெழுத்தைப் போட மாட்டேன், அவ்வளவுதான்.

தையல்காரர் வீட்டுக்கு வந்துவிட்டாராம். போய்ப் பார்த்தீர்களா?

*

ஏப்ரல் 8

அம்மாடி,

உன் கடிதத்தை மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினேன். திறந்தேன். மறுபடி பூட்டினேன். இப்படியே ஒரு நாள் போனது. அடுத்த நாள் தையல்காரர் வீட்டுக்குப் போனேன்.

சின்ன வீடு. முன்னறையில் தையல் மெஷின் மேல் துணி போட்டு மூடியிருந்தது. அவர் சாய்வு நாற்காலியில் இருந்தார், எழுந்திருக்கப் பார்த்தார். அவருடைய மகள், “அப்பா, நீங்க பேசாம உக்காருங்க, நான் பேசிக்கறேன்,” என்றாள். என்ன கேட்டாலும் அவளே பதில் சொன்னாள். அவர் வாயைத் திறந்தால், “அப்பாவுக்கு இப்பல்லாம் சரியா ஞாபகம் இருக்கறதில்லம்மா. இனிமே உங்களுக்கு நானே போன் பண்றேன்,” என்றாள். அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பாகச் சொன்னது தான்தான் என்று அந்த மனிதர் நம்பிவிட்டார். அவர் மட்டுமா, வீடே நம்பிவிட்டது.

“நீங்க அன்னைக்கு என்ன சொன்னீங்க?” என்று கேட்டேன். குரல் தெளிவாகக் கேட்க நாற்காலியை அவர் முகத்துக்கு நேரே இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

“நாலு மணிக்குன்னு சொல்லணும்னு நினைச்சேன். வாயில நாளைக்குன்னு வந்திருச்சு போல. உடம்போட சேர்ந்து மூளையும் போகுதும்மா.”

“இல்லைங்க. நீங்க நாலு மணிக்குன்னுதான் சொன்னீங்க. பக்கத்துல இருந்த பொண்ணு கேட்டிருக்கா. என் காதுதான் போச்சு. உங்க மூளைக்கு ஒண்ணும் இல்ல.”

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். மகள் பக்கம் திரும்பி, “கேட்டியா? நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்,” என்றார். அதையே இன்னொரு தடவை சொன்னார். பிறகு துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனதைவிட, புத்தி போகிறதோ என்ற பயம்தான் அவரை அரித்திருக்கிறது. நாலரை மணிக்கு மறுபடி கூப்பிட்டாராம். மணி அடித்துக்கொண்டே இருந்ததாம். மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள், நான் அடுத்த அறையில் அலமாரியை ஒழுங்கு செய்துகொண்டிருந்தேன். எனக்கு எந்த மணியும் கேட்கவில்லை, அம்மாடி.

கிளம்பும்போது மகளிடம் அவர், “மெஷின் மேல இருக்கற துணியை எடு,” என்றார்.

அங்கிருந்து நேராகச் சங்கத்துக்கு வந்து எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. டாக்ஸிக்காரர்தான் விஷயத்தைச் சொன்னார்.

“எங்களுக்கு ரொம்ப நாளாத் தெரியும்மா. நீங்க போனை வச்சதும் நாங்க வெளியே போய் அவங்களைத் திரும்பக் கூப்பிட்டு, எந்த நேரம், எந்த வீடுன்னு கேட்டுக்குவோம். அன்னைக்கு எனக்கு டயர் பஞ்சர். அந்த அவசரத்துல கேக்காம விட்டுட்டேன். தப்பு என்னோடதுன்னுதான் இத்தனை நாளா நினைச்சிட்டிருக்கேன்.”

எனக்கு மனம் நோகுமே என்று என் முதுகுக்குப் பின்னால் ஒரு எக்ஸ்சேஞ்சே நடந்திருக்கிறது. நீ பால்காரரைப் பற்றி எழுதியதை அப்போது நினைத்தேன். அந்த வீட்டில் நீ எப்படி இருந்திருப்பாய் என்று இப்போது தெரிகிறது.

உன் காலிப் பக்கத்துக்கு இதை எழுதியிருக்கிறேன். தமிழ் சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்:

‘எங்கள் சங்கத்துக்குத் தகவல் ஒரே போன் வழியாக, ஒரே ஆளின் காதில் வந்து சேர்கிறது. அந்தக் காது பழுதாகிவிட்டது. அந்த ஆள் அதைச் சொல்லவில்லை. மற்றவர்கள் கேட்கவில்லை. ஆனால் தொண்டர்கள் தாமாகவே ஒவ்வொரு செய்தியையும் திரும்பக் கூப்பிட்டுச் சரிபார்த்து வந்திருக்கிறார்கள். எங்களுக்கு என்ன தேவை என்பதற்கு அதுவே சாட்சி. அவர்கள் ஒளித்துச் செய்ததை இனி வெளிச்சத்தில் செய்ய வழி வேண்டும். செயலாளர்.’

அத்தை

*

ஏப்ரல் 17

அத்தை,

ஒரு எழுத்தும் மாற்றவில்லை.

அறிக்கையைப் படித்துவிட்டு மேலதிகாரி, “ரொம்ப சின்னதா கேக்கறாங்களே,” என்றார். சின்னதாகக் கேட்கிறவர்களுக்கு உடனே கொடுத்துவிடலாம் அல்லவா என்றேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு போன், செய்தியை எழுதிப் பகிர ஒரு எளிய ஏற்பாடு, பூட்டு, பயிற்சி. எல்லாவற்றுக்கும் சரி என்றாகிவிட்டது. குழுவில் உங்களை எழுந்திருக்கச் சொல்லவில்லை என்றும், நீங்களாகவே போனை மருந்துக்கடைப் பெண்ணிடம் நகர்த்தி வைத்தீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். அவள் சொல்லும்போது அழுதாள்.

காது டாக்டரிடம் போவதாகச் சொன்னீர்களாம். போய்விட்டு எழுதுங்கள். போகாமலே ‘போய்விட்டு வந்தேன்’ என்று எழுதாதீர்கள், டாக்ஸிக்காரரிடம் கேட்டுச் சரிபார்ப்பேன்.

*

மே 21

அம்மாடி,

டாக்டரிடம் போனேன். காதுக்குப் பின்னால் ஒரு கருவி மாட்டியிருக்கிறார். ஒரு கொசுவைக் குடிவைத்த மாதிரி இருக்கிறது. ஃபேன் சுற்றுவது, என் செருப்புச் சத்தம், சைக்கிள் கடைக்காரன் தனக்குத்தானே முணுமுணுப்பது எல்லாம் கேட்கிறது. போன் மட்டும் இன்னும் சரியாகப் பிடிபடவில்லை. பிடிபடாவிட்டால் போகட்டும்.

சங்கத்தில் இப்போது மருந்துக்கடைப் பெண்ணும் இன்னொருத்தியும் முறை போட்டு போன் எடுக்கிறார்கள். கேட்டதைத் திரும்பச் சொல்லி, “சரிதானே?” என்று கேட்ட பிறகே வைக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறேன். பிறகு அதை எழுதி அனுப்பினால் எல்லோர் கையில் இருக்கிற போனிலும் வந்து நிற்கிறது. முதல் வாரம் ஒரே கூத்து. ஒரே வீட்டுக்கு மூன்று பேர் மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். இப்போது ‘நான் போகிறேன்’ என்று ஒருவர் எழுதினால் மற்றவர்கள் நின்றுவிடுகிறார்கள். தையல்காரர் தானே கூப்பிடுகிறார், தானே நேரம் சொல்கிறார். மகள் பக்கத்தில் இருந்தாலும் ரிசீவரைக் கொடுப்பதில்லையாம்.

எனக்கு என்ன வேலை என்று நீ கேட்கவில்லை, பயந்திருப்பாய். வீடு வீடாகப் போகிறேன். என் தலையில் இருப்பதை இறக்கி வைக்க வேண்டுமே, ஒவ்வொருவரிடமும் போய், உங்களைப் பற்றி இதை எழுதி வைக்கலாமா, இதை வேண்டாமா என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். அப்போதுதான் தெரிந்தது, இவர்களில் பாதிப் பேரை நான் பார்த்ததே இல்லை. குரலாக மட்டும் தெரியும்.

நேற்று பஸ்காரம்மா வீட்டுக்குப் போனேன். பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கை. தினமும் காலையில் கூப்பிடுவாள், ஒரு உதவியும் கேட்க மாட்டாள், என்ன கிழமை என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள். அந்த அதட்டல் குரலை வைத்து வாட்டசாட்டமான ஆள் என்று நினைத்திருந்தேன். போனால், கட்டிலில் போர்வைக்குள்ளே ஒரு குழந்தை அளவுக்கு இருக்கிறாள்.

நான் யாரென்று சொன்னேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். நம்பவில்லை.

“வேற யாரோ மாதிரி இருக்கீங்களே,” என்றாள். “இருங்க, நான் கண்ணை மூடிக்கறேன். ஏதாவது பேசுங்க.”

மூடிக்கொண்டாள். அப்படிக் கேட்டால் என்ன பேசுவது. உன்னைப் பற்றித்தான் வந்தது. அறிக்கை எழுத வந்தாய், ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாய், நான் உன்னை ஏசிக் கடிதம் எழுதினேன் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

“ஆமா. நீங்கதான்,” என்றாள். பிறகு, “யாரு அந்தப் பொண்ணு?” என்று கேட்டாள்.

மருமகள் என்று சொல்ல முடியாது. மருமகளாக இருந்தவள் என்று சொல்ல வாய் வரவில்லை. கொஞ்ச நேரம் நான் பேசாமல் இருந்ததில் அவள், போன் கட்டாகிவிட்டது போல, “ஹலோ?” என்றாள்.

“எங்க வீட்டுப் பொண்ணு,” என்றேன்.

கண்ணைத் திறக்காமலே, “அப்ப ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. அவ குரலையும் கேக்கணும்,” என்றாள்.

வருகிறாயா?

அத்தை